ஆள்வோர்க்கு அடங்குதல் இறைநெறியா?

கொடுங்கோலர் திருமறையைத் திறப்பது அரிது. திறந்தால் ஒரே பக்கத்தில்தான் திறப்பர். எளியோரை உயர்த்தும் மலைப்பொழிவு அவர்தம் கண்ணிற் படாது. அடிமைப்பட்ட மக்கள் எகிப்தினின்று வெளியேறிய வரலாறு அவர்தம் கைக்கு எட்டாது. அரசரை நேர்நின்று இடித்துரைத்த இறைவாக்கினரின் ஏடுகள் ஒட்டிக்கொண்டு பிரியா. பவுல் உரோமர்க்கு விடுத்த மடலின் பதின்மூன்றாம் பகுதி மட்டும் தானே விரிந்து கொடுக்கும். ஆள்வோர்க்கு ஒவ்வொருவரும் அடங்கி நிற்க வேண்டும் என்றும், ஆட்சி என்பது இறைவனால் அமைந்ததே என்றும் அப் பகுதி தொடங்குகின்றதன்றோ? ஆள்வோர்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

1985ஆம் ஆண்டு இது நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவின் வடபால் மோரியா என்னும் ஊரில், சீயோன் கிறித்தவத் திருச்சவையின் உயிர்ப்புப் பெருநாட் கூட்டம் கூடியது. பல நூறாயிரம் கறுப்பின மக்கள் திரண்டிருந்தனர். அவர்முன் நின்று பேசியவர் நாட்டின் குடியரசுத் தலைவர் போத்தா. கூடியிருந்த மக்களுள் ஒருவர்க்கேனும் அந்நாட்டுப் பாராளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. அவர்கள் எங்கே குடியிருப்பது, எங்கே படிப்பது, எவ்விடத்தில் இறப்பது என்பதையெல்லாம் முடிவு செய்யும் அரசுக்குத் தலைவராகிய அவர், அம்மக்களுக்கு எடுத்துக்காட்டியது அதே உரோமர் மடலின் அதே பதின்மூன்றாம் பகுதி!

அதற்கு மூன்று கிழமைக்குள்தான், மார்ச்சு 21 அன்று, உயித்தன்னாகே ஊரையடுத்த இலாங்காவில், இறந்தோரைப் புதைக்கச் சென்ற ஊர்வலத்தின்மீது காவலர் சுட்டு இருபதின்மரைக் கொன்றிருந்தனர். அப்பிணங்களின் ஈரம் உலருமுன் அடக்கத்தைப் பற்றி அறிவுரை! சுட்டவன் கையிலும் அதே திருமறை. சுடப்பட்டவன் கையிலும் அதே திருமறை. எனின், அத்திருமறை உண்மையில் யார் பக்கம் நிற்கின்றது? கிறித்துவ நம்பிக்கை என்பது ஆள்வோன் எவனாயினும் அவன் காலடியில் கிடக்கச் சொல்லும் நெறிதானா? இவ்வினாவிற்கு விடை காணாமல், அந்நெறியைப் போற்றுவார்க்கும் புறந்தள்ளுவார்க்கும் வழியில்லை.

பவுல் சொன்னது என்ன?

பவுல் அம்மடலை எழுதியது ஏறத்தாழ கி.பி. 57ஆம் ஆண்டில். அன்று உரோமை ஆண்டவன் நீரோ. மடலைப் பெற்றவர்களோ படையற்ற, பதவியற்ற, எண்ணிக்கையிலும் சிறிய ஒரு கூட்டத்தார். வரி கொடாமல் கலகஞ் செய்து வீணே அழிய வேண்டா என்று அவர்கட்குச் சொல்வது ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் படையும் சட்டமும் சிறையும் கையில் வைத்திருக்கும் அரசன் அதையே எடுத்துத் தன் குடிகளுக்கு ஆணையாய்ப் படிப்பது முற்றிலும் வேறொன்று. முன்னது எளியோன் எளியோனுக்குச் சொன்ன அறிவுரை; பின்னது வலியோன் எளியோன் கழுத்தில் மாட்டிய நுகம். சொல் ஒன்றாயிருந்தும் சொல்வோன் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுமா?

சொல்லையும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். பவுல் எழுதியது கிரேக்கத்தில். அடங்குதலைக் குறிக்க அவர் அவ்விடத்து ஆண்ட வினை, ஒழுங்குபட நிறுத்துதல் என்னும் பொருளுடைய 'தாசோ' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. ஓர் ஒழுங்கின்கீழ்த் தன்னை நிறுத்திக்கொள்ளுதல் என்பது அதன் கருத்து. சொன்ன சொல்லைக் கேட்டு அப்படியே செய்தல் என்பதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. 'கேள்' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது அது. பிள்ளைகள் பெற்றோர் சொற் கேட்க வேண்டும் என்னுமிடத்தில் அச்சொல்லே வருகின்றது. ஆள்வோரைப் பற்றிய இவ்விடத்தில் அது வரவில்லை. ஒழுங்கின்கீழ் நிற்றல் வேறு. ஏவியதெல்லாம் செய்தல் வேறு. கொடிய ஆணையை நிறைவேற்ற மறுத்து, அம்மறுப்பிற்குரிய ஒறுப்பை ஓடி ஒளியாமல் ஏற்பவனும் ஒழுங்கின்கீழ் நிற்பவனே.

தமிழிலும் 'கேள்' என்னும் சொல்லின் அழகை நோக்குக! செவியால் கேட்பதும் கேட்டல். சொன்னபடி நடப்பதும் கேட்டல். எதிர்நின்று வினவுவதும் கேட்டலே. கீழ்ப்படிதலும் வினவுதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கண்ட மொழி இது. வினவாத கேட்டலை மாந்தனுக்குரிய கேட்டலாகத் தமிழ் ஒருகாலும் எண்ணியதில்லை. அது மாட்டின் கேட்டல்.

இனி, ஆள்வோர் படிக்காமல் விடும் மறுபாதிக்கு வருவோர் அதன் கூர்மையைக் காண்பர். ஆள்வோன் நன்மை செய்வோர்க்கு அச்சந்தருபவன் அல்லன், தீமை செய்வோர்க்கே அச்சந்தருபவன் என்பதும், மக்களின் நன்மைக்காக அவன் இறைவனின் தொண்டன் என்பதும் அதே பகுதியில் அடுத்து வருகின்றன. தொண்டன் என்றபின் தலைவன் ஒருவன் உளன் என்பது தானே போதரும். தலைவன் சொல்லை மீறிய தொண்டனுக்குத் தொண்டன் என்னும் பெயர் எப்படி நிற்கும்? நன்மை செய்வோரைச் சிறையிட்டுத் தீமை செய்வோரைப் பேணும் ஆட்சி, பவுல் வரைந்து காட்டிய ஆட்சியே அன்று. வரைந்து காட்டிய எல்லைக்கு வெளியே நிற்பவன், எல்லைக்கு உட்பட்டோர்க்குரிய மதிப்பைக் கேட்பது எவ்வகை நேர்மை?

செங்கோலும் கொடுங்கோலும்

தமிழ்த் திருமறை இவ்விடத்தில் 'அதிகாரம்' என்னும் வடசொல்லை ஆண்டுள்ளது. அச்சொல்லில் நல்லாட்சியும் அடங்கும், அல்லாட்சியும் அடங்கும். நன்றும் தீதும் கலந்து மயங்கிக் கிடக்கும் சொல் அது. தமிழோ அம்மயக்கத்திற்கு இடம்வைக்கவில்லை. நேரிய ஆட்சி செங்கோன்மை. வளைந்த ஆட்சி கொடுங்கோன்மை. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து, ஆனால் தனித்தனியே வைத்தார். கோல் ஒன்றுதானே, ஏந்தியவன் அரசன்தானே என்று ஒரே பெயரிட்டு அவர் விடவில்லை. பெயரைப் பிரித்துவிட்டால் கடமையும் பிரிந்துவிடும். பெயரைக் குழப்பிவிட்டால் கொள்ளைக்காரனும் கோவேந்தன் ஆவான். சொற்றூய்மை என்பது புலவர் பொழுதுபோக்கு என்று நகைப்போர் இதனை ஓர்க: ஒரு சொல்லின் மயக்கத்தில் ஓரினத்தின் கழுத்தே அகப்பட்டுக்கொள்ளலாம்.

திருமறையும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. அதன் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டிலும் ஒரு பதின்மூன்றாம் பகுதி உண்டு. அங்கே பேரரசு இறைவனின் தொண்டனாக வரவில்லை. கடலினின்று எழும் கொடுவிலங்காக வருகின்றது. உரோமர் பதின்மூன்றைப் படித்துக்காட்டும் அரசர் எவரும் வெளிப்பாட்டின் பதின்மூன்றைப் படித்துக்காட்டியதில்லை! அரசரை மதிக்க அறிவுறுத்தும் மடல் ஒன்று பேதுருவின் பெயரால் வழங்குகின்றது. அதே பேதுருதான், பேசாதே என்று தடுத்த தலைமை மன்றத்தின்முன் நின்று, மாந்தர்க்கு அன்று, இறைவனுக்கே கீழ்ப்படிதல் வேண்டும் என்று மறுத்தவர். நீரோவின் ஆட்சியிலேயே பவுல் கொல்லப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. ஏவியதெல்லாம் செய்தவனை எந்த அரசு கொல்லும்? அடங்குக என்று எழுதிய கை அடங்காமல் வெட்டுண்டது என்றால், அவ்வடக்கத்திற்கு ஓர் எல்லை இருந்தது என்பதே பொருள்.

திருச்சவை சறுக்கிய வழி

தென்னாப்பிரிக்க வெள்ளையருள் ஆப்பிரிக்கானர் எனப்படுவோர் ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சவையினர். அத்திருச்சவை முதல்நாளிலேயே கொடியதாய்ப் பிறந்துவிடவில்லை. 1829இல் அதன் பேரவை, திருவிருந்தை நிறவேற்றுமையின்றி எல்லார்க்கும் ஒன்றாகவே அளிக்க வேண்டுமென முடிவு செய்தது. 1857இல் அதே பேரவை வேறு முடிவுக்கு வந்தது. எல்லாரும் ஒன்றாய் வழிபடுவதே திருமறைக்கு ஒத்தது என்று ஒப்புக்கொண்டது; ஆனால், சிலரது வலுவின்மையை முன்னிட்டு வேறுவேறாய் வழிபடலாம் என்று இசைவளித்தது. 1881இல் நிறத்தவர்க்கெனத் தனித் திருச்சவையே அமைந்தது.

எவ்வளவு மென்மையான சறுக்கல்! வெள்ளையரின் வெறுப்பிற்கு 'வலுவின்மை' என்று பெயரிட்டனர். வலுவின்மை வழக்கமாயிற்று, வழக்கம் கோட்பாடாயிற்று, கோட்பாடு சட்டமாயிற்று. 1948இல் இனவொதுக்கலை முழக்கமாகக் கொண்ட கட்சி ஆட்சியேறியபோது, அதன் தலைமையமைச்சர் மாலன், முன்னாளில் அதே திருச்சவையின் ஆயராய் இருந்தவர். 1949இல் கலப்புமணத் தடைச்சட்டம். 1950இல் மக்களை நிறவாரியாய்ப் பதிந்த சட்டமும், குடியிருப்புகளை இனவாரியாய்ப் பிரித்த சட்டமும். 1953இல் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வியை வகுத்த சட்டம். 1974இல் திருச்சவையின் பேரவை, தனித்தனி வளர்ச்சி என்னும் அக்கொள்கையைத் திருமறை கொண்டே தாங்கி அறிக்கை வெளியிட்டது. 1983இன் அரசமைப்போ, எல்லாம் வல்ல இறைவனுக்குத் தாழ்மையுடன் அடங்கி நிற்பதாகக் கூறிக்கொண்டே தொடங்கியது. அவ்வரசமைப்பில் நாட்டின் பெரும்பான்மையராகிய கறுப்பின மக்களுக்கு இடமே இல்லை! இறைவனுக்குத் தாம் அடங்கியதாகச் சொல்லிக்கொண்டவர்கள், இறைவன் படைத்த மாந்தரைத் தமக்கு அடக்கி வைத்த கதை இது.

தமிழ்ப்பெண் கொடுத்த விடை

இனவொதுக்கல் என்னும் பெயர் பிறக்கும் முன்னரே அதன் சூட்டைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் உணர்ந்திருந்தனர். 1860 முதல் நத்தால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டவருள் தமிழர் மிகப் பலர். 1913 மார்ச்சில் கேப்பு வழக்குமன்ற நடுவர் சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு செய்யப்பட்ட திருமணமே சட்டப்படி திருமணம் என்பது அதன் சாரம். ஒரே வரியில், தாலி கட்டி வாழ்ந்த தமிழ்ப்பெண்டிர் மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்தம் மக்கள் முறையான மக்கள் அல்லர் என்றாயினர். மணமாகிய கானாவூர் விருந்திற்குச் சென்று மகிழ்ந்த இயேசுவின் பெயரால், பிறர் மணங்களெல்லாம் இழிவுபட்டன!

அத்தீர்ப்பும் ஆள்வோர் அமைப்பினின்று வந்ததே. அதற்கு அடங்கியிருக்க வேண்டியதுதானே? அடங்கவில்லை தமிழ்ப்பெண்டிர். கைக்குழந்தைகளுடன் எல்லை கடந்து சிறை புகுந்தனர். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளிவந்ததும் 1914 பிப்பிரவரியில் தம் பதினாறாம் அகவையில் உயிர்நீத்தார். அவ்வாண்டே அரசு இறங்கிவந்து, இந்தியர் திருமணங்களை ஏற்றும், மூன்று பவுன் தலைவரியை நீக்கியும் சட்டம் செய்தது. சட்டத்தை மீறியோரே சட்டத்தை நேராக்கினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்போராட்டத்தில் எல்லாக் கிறித்தவரும் ஆள்வோர் பக்கமே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாதல் வேண்டும். காந்தியடிகள் 1908இல் தாக்குண்டு கிடந்தபோது தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் சோசப்பு தோக்கு என்னும் கிறித்தவத் திருப்பணியாளர். ஒரே நெறியில் இரு வழிகள் எந்நாளும் உண்டு: ஒன்று அரண்மனைக்குப் போவது, மற்றொன்று அடிபட்டவன் கிடக்குமிடத்திற்குப் போவது.

நுகமாகிய தாய்மொழி

ஆப்பிரிக்கானர் வரலாற்றில் தமிழர் ஊன்றிப் படிக்க வேண்டிய ஏடு ஒன்று உண்டு. அவர்களும் ஒருகால் ஒடுக்கப்பட்டவரே. 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரொடு நடந்த போரில், அடைப்பு முகாம்களில் மாண்ட அவர்தம் பெண்டிரும் குழந்தைகளும் ஏறத்தாழ 26,000 பேர். போர் முடிந்தபின் மில்னர் ஆட்சி பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணித்தது. தாய்மொழி பேசிய குழந்தை இழிவுப் பலகையைக் கழுத்தில் சுமந்ததாக அவ்வினத்தார் தலைமுறை தலைமுறையாய் நினைவுகூர்ந்தனர். அடுக்களை மொழி என்று ஆங்கிலேயரால் எள்ளப்பட்ட ஆப்பிரிக்கான்சு மொழியை அவர்கள் எழுத்திலேற்றினர், நூல்கள் படைத்தனர், 1925இல் ஆட்சிமொழி ஆக்கினர், 1933இல் முழுத் திருமறையையும் அம்மொழியில் வெளியிட்டனர். மொழிப்பற்றுடையார் எவரும் போற்றத்தக்க உழைப்பு அது.

ஆனால், நுகத்தை உடைத்தவன் அதே நுகத்தைப் பிறன் தோளில் ஏற்றினான். கறுப்பினக் குழந்தைகள் பாடங்களுட் பாதியை ஆப்பிரிக்கான்சு வழியே படிக்க வேண்டுமென 1974இல் ஆணை பிறந்தது. ஆசிரியர்க்கே நன்கு தெரியாத மொழியில் மாணவர் கணக்குப் படிக்க வேண்டும்! 1976 சூன் 16 அன்று சொவெட்டோ மாணவர் தெருவில் இறங்கினர். காவலர் சுட்டனர். மாண்டவருள் எக்டர் பீட்டர்சன் என்னும் சிறுவனுக்கு அகவை பன்னிரண்டு. தொடர்ந்த திங்கள்களில் நாடெங்கும் மாண்டோர் பல நூற்றுவர். சூலையில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. போன உயிர்களைத் திரும்பத் தர அதனால் இயலவில்லை.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நெஞ்சில் குண்டேற்ற தமிழ் மாணவரை அறிந்தோர்க்குச் சொவெட்டோ அயலூர் அன்று. ஆயினும் இதில் அடங்கிய பாடம் இரண்டு. திணிக்கப்படும் மொழிக்கு அடங்காமை குற்றமன்று என்பது ஒன்று. அது தமிழர்க்கு முன்பே தெரிந்த பாடம். தாய்மொழிப் பற்றே பிறர்க்கு நுகமாகவும் திரியக்கூடும் என்பது மற்றொன்று. இது தமிழர் மறவாமல் பயில வேண்டிய பாடம். ஆப்பிரிக்கான்சு செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதனைக் காவலன் கைத்தடியாக்கியவரே அதனை இழிவுபடுத்தினர். திருமறைக்கு அவர் செய்ததும் அதுவே.

மறுத்தோர் வரிசை

அடங்குக என்னும் குரலுக்கு அடங்காத கிறித்தவரும் அம்மண்ணிலேயே எழுந்தனர். ஆல்பர்ட்டு உலுத்துலி சூலு இனத்தின் ஒரு குடித்தலைவர். திருச்சவையில் உரையாற்றும் பொதுநிலைத் தொண்டர். விடுதலை இயக்கத்தை விடுக, அன்றேல் தலைமையை விடுக என்றது அரசு. 1952இல் அவர் தலைமையை இழந்தாரேயன்றி இயக்கத்தை விடவில்லை. விடுதலைக்குச் செல்லும் பாதை சிலுவையின் வழியது என்பதே அவர் விடுத்த அறிக்கையின் தலைப்பு. 1960ஆம் ஆண்டிற்குரிய அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கேப்டவுன் பேராயர் செப்ரி கிளேட்டன் கலகக்காரர் அல்லர். சட்டத்தையும் ஒழுங்கையும் பெரிதும் மதித்த ஆங்கிலேயர். 1957இல் வந்த சட்டமுன்வரைவு ஒன்று, வெள்ளையர் பகுதிக் கோவில்களில் கறுப்பினத்தார் வழிபடுவதைத் தடுக்கும் உரிமையை அமைச்சர்க்கு அளித்தது. கிளேட்டன் தலைமையமைச்சர்க்கு மடல் வரைந்தார். இச்சட்டத்திற்குத் தாமும் கீழ்ப்படிய இயலாது, தம் மக்களையும் கீழ்ப்படியுமாறு சொல்ல இயலாது என்பது அதன் கருத்து. மார்ச்சு 6 அன்று கையொப்பமிட்டார். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. வாழ்நாளெல்லாம் ஒழுங்கைப் போற்றிய ஒருவரின் கடைசிக் கையொப்பம், மறுப்பின்மேல் விழுந்தது! ஒழுங்கை உண்மையாய்ப் போற்றியதனால்தான் அவர் மறுத்தார் என்க.

மூன்றாமவர் பெயர்சு நோடே. ஆப்பிரிக்கானர் இனத்திலேயே உயர்குடியிற் பிறந்தவர். தந்தை அவ்வினத்தின் மறைவமைப்பாகிய உடன்பிறப்பாளர் கழகத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர், தாய்மொழிக்காகப் பாடுபட்டவர். 1960 மார்ச்சு 21இல் சார்ப்பெவிலில் 69 பேரைக் காவலர் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சி நோடேயின் நெஞ்சை உலுக்கியது. அவ்வாண்டு திசம்பரில் கோட்டெசுலோவில் கூடிய திருச்சவைகளின் கலந்தாய்வு, இனவொதுக்கலின் அடிப்படைகளை மறுத்துரைத்தது. தலைமையமைச்சர் வெர்வூர்டு சினந்தார். ஒல்லாந்துத் திருச்சவையும் பின்வாங்கியது. நோடே பின்வாங்கவில்லை. 1963இல் மாந்தர்க்கா, இறைவனுக்கா கீழ்ப்படிவது என்னும் வினாவைத் தம் திருச்சவையார்முன் வைத்து, ஆயர் பதவியைத் துறந்து வெளியேறினார். 1977இல் அவர் நிறுவிய கிறித்தவ நிலையத்தை அரசு தடைசெய்தது. அவரையும் 1984 வரை தடையாணையில் முடக்கியது. சொந்த இனம் அவரை வஞ்சகர் என்றது. இனத்தை இழிவினின்று மீட்க முயல்வோனுக்கு இனம் முதலில் தரும் பெயர் எப்போதும் அதுதான்.

1982இல் சீர்திருத்தத் திருச்சவைகளின் உலகக் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, இனவொதுக்கலைத் திருமறை கொண்டு தாங்குவது கொள்கைப் புரட்டு என்று அறைந்தது. 1985 செபுத்தம்பரில், போத்தா மோரியாவில் பேசிய ஆறே திங்களில், நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்ட திருப்பணியாளரும் அறிஞரும் ஒப்பமிட்ட 'கைரோசு' அறிக்கை வெளிவந்தது. கைரோசு என்பது உரிய வேளை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். உரோமர் பதின்மூன்றை அரசு கையாளும் முறையை அது நேருக்குநேர் உடைத்தது. அத்துடன் நிற்கவில்லை, ஒடுக்குவோனையும் ஒடுக்கப்படுவோனையும் ஒரே தட்டில் நிறுத்தி, இருவரும் கைகுலுக்குக என்று இனிக்கப் பேசிய திருச்சவையாரையும் அது விடவில்லை. அறம் இல்லாத இடத்தில் அமைதி பேசுவதும் கொடுங்கோலுக்குக் கொடி பிடிப்பதே என்று அது காட்டியது.

ஒழுங்கு குலையாதோ?

எல்லாரும் தத்தம் உள்ளம் சொன்னபடி சட்டத்தை மீறினால் நாடு என்னாவது என்று கேட்பார் உளர். வினா முறையானதே. வரி கொடாமல் ஏய்ப்பவனும், பிறன் பொருளைக் கவர்பவனும், தன் நலத்திற்காகச் சட்டத்தை வளைப்பவனும் இந்நிழலில் வந்து ஒதுங்கக் கூடாது. அவன் மீறுவது ஒளிவில், மாட்டிக்கொண்டால் மறுப்பான். கிளேட்டனும் நோடேயும் வள்ளியம்மையும் மீறியது வெளிச்சத்தில். மடல் எழுதி மீறினர். பெயர் சொல்லி மீறினர். ஒறுப்பை ஏற்று மீறினர். தன்னலத்தவன் சட்டத்தினின்று தன்னை விலக்கிக்கொள்கின்றான். அறத்தவனோ சட்டத்தை அறத்தின்கீழ் மீண்டும் நிறுத்துகின்றான். முன்னவன் ஒழுங்கைக் குலைப்பவன். பின்னவன் குலைந்த ஒழுங்கைக் கட்டுபவன். குலைந்தது சொவெட்டோ மாணவரால் அன்று. குழந்தைகளை நோக்கிச் சுடுமாறு ஏவியபோதே ஒழுங்கு குலைந்துவிட்டது.

இறுதியில் வரலாறு என்ன சொல்லிற்று? 1986இல் அதே ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சவை தன் கொள்கையைத் திருத்தத் தொடங்கியது. 1990இல் உருசுதன்பர்க்கு மாநாட்டில் அத்திருச்சவையின் இறையியலறிஞர் வில்லி யோங்கர் எழுந்து, தம் பெயராலும் தம் இனத்தின் பெயராலும் இனவொதுக்கற் குற்றத்தை அறிக்கையிட்டு மன்னிப்பு வேண்டினார். 1994 ஏப்பிரலில் கறுப்பின மக்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அடங்குக என்று ஓதியவர் தலைகுனிந்தனர். அடங்க மறுத்தோர் பெயர் நிலைத்தது. வலுவின்மை என்னும் சிறு சொல்லில் தொடங்கிய சறுக்கலினின்று கரையேற, 1857 முதல் 1990 வரை 133 ஆண்டுகள் சென்றன!

ஆகவே, கிறித்துவ நெறி அடிமை நெறி என்று இகழ்வோர் அரைகுறையாய்ப் படித்தோர். அந்நெறியைக் காட்டி அடிமைப்படுத்துவோர் முழுவதும் படித்தும் பாதியை மறைப்போர். நெறியை மதிப்போர் செய்யத்தக்கது ஒன்றே. அடங்குக என்று எவன் சொன்னாலும் மூன்று வினாக்களை அவன்முன் வைத்தல் வேண்டும். சொல்வோன் யார்? அடங்குவதால் நலம் பெறுவோர் யார்? மறைக்கப்பட்ட மறுபாதி யாது? இம்மூன்றிற்கும் விடை சொல்ல அஞ்சும் ஆட்சி, எந்தத் திருமறையை உயர்த்திப் பிடித்தாலும் கொடுங்கோலே.

இவ்வுரைகல் அயலார்க்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் வந்த இழிவை எதிர்த்தோம், இந்தியில் வந்த ஆணையை எதிர்த்தோம் என்று நெஞ்சு நிமிர்த்தும் தமிழரும் தம்மை உரைத்துப் பார்த்தல் வேண்டும். தூய தமிழில் எழுதப்பட்டாலும் கொடுஞ்சட்டம் கொடுஞ்சட்டமே. தமிழன் ஏந்தினாலும் வளைந்த கோல் வளைந்த கோலே. தாய்மொழியைக் காத்த ஆப்பிரிக்கானர் இனம் அதைத் தடியாக்கித் தலைகுனிந்த வரலாற்றை அறிந்த பின்னும், அவ்வழியே செல்வார்க்கு மன்னிப்பு இல்லை.

மொழியால் விடுதலை பெறுக. அம்மொழியால் எவரையும் அடக்காதிருக்க! இறைவன்முன் தலைவணங்குக, அத்தலையை எந்தக் கொடுங்கோலன் காலடியிலும் வையாதிருக்க! கேட்க, கேட்டபின் மீண்டும் கேட்க!